மூன்று பேர், ஒரே இடுப்புப் பை: லைப்சிக்கிலிருந்து நேபிள்ஸ் வரை

போன மே மாதம் 11ஆம் தேதி கிளம்பிய பயணம் இது. இத்தாலி முழுக்க இறங்கி, பாரி துறைமுகத்தில் கப்பல் பிடித்து, கிரேக்கம் வரை போவதாகப் பன்னிரண்டு நாள் திட்டம். ஒன்பதாவது நாளே ஜெர்மனிக்குத் திரும்பிவிட்டோம். இப்போது அக்டோபர். இவ்வளவு நாள் எழுதாததற்கு நேரமில்லை என்று சொன்னால் நம்புவீர்கள். ஆனால் காரணம் அதுவல்ல. எழுதினால் முழுதாக எழுத வேண்டும், அதற்குத் துணிச்சல் வரவில்லை. குறைந்த செலவில் தெற்கு ஐரோப்பா போக நினைப்பவர்களுக்கு விலையும் நேரமும் இதில் கிடைக்கும். வேறு ஒன்றும் கிடைக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

போனவர்கள் மூன்று பேர். நான் வித்யா, திருச்சிக்காரி, லைப்சிக்கில் வேதியியல் ஆராய்ச்சி மாணவி. ரோஸ்லின் அதே ஆய்வகம், நாகர்கோவில், எப்போதும் பசி. மூன்றாவது சுதாக்கா. யாழ்ப்பாணம். பதினோரு வருடம் முன்பு அகதியாக வந்தவர், இங்கே முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறார். சனிக்கிழமை அரிசி வாங்கும் கடையில் பழக்கம். வந்த நாளிலிருந்து அவர் ஜெர்மனியை விட்டு வெளியே எங்கும் சுற்றிப் பார்க்கப் போனதில்லை.

அந்த வருடம் அவருக்கு ஒரு நல்ல காலம் வந்திருந்தது. அகதிகளுக்கு ஜெர்மனி ஒரு நீலப் பயணப் புத்தகம் தரும். அதை வைத்துக்கொண்டு எந்த நாட்டுக்கும் போகலாம், இலங்கையைத் தவிர. உள்ளே அப்படியே அச்சடித்திருக்கும். அந்தப் புத்தகத்தில் அவருக்கு இந்திய விசா கிடைத்திருந்தது. ஐந்து மாதம் அலைந்து வாங்கியது. அவருடைய அம்மாவை இதயச் சிகிச்சைக்காக சுதாக்காவின் தம்பி மே 20ஆம் தேதி திருச்சிக்குக் கூட்டி வருவதாக ஏற்பாடு. ஜூன் 2ஆம் தேதி சுதாக்காவுக்கு திருச்சி விமானம். பதினோரு வருடத்துக்குப் பிறகு அம்மாவைப் பார்க்கப் போகிறார். வயலூர் ரோட்டில் அவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்தது என் அப்பா.

"அம்மாவைப் பாத்திட்டு வந்தாப் பிறகு ஊர் சுத்துவம்" என்றுதான் அவர் சொன்னார். நான்தான் விடவில்லை. பிடித்த பிடியை விடாத சுபாவம் எனக்கு. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வேன். ஆய்வகத்தில் எனக்கு மே மாதம்தான் விடுமுறை, டிக்கெட் விலையும் அப்போதுதான் கம்மி. வரச் சம்மதித்துவிட்டார்.

லைப்சிக்கிலிருந்து மியூனிக்குக்குப் பஸ், ஆளுக்கு 21.98 யூரோ, ஆறு மணி நேரம். மியூனிக்கிலிருந்து வெரோனாவுக்கு ரயில், 34.90, ஐந்தரை மணி நேரம். இரண்டு மாதம் முன்பே எடுத்தால்தான் இந்த விலை. இத்தாலிக்குள் அதிவேக வண்டிகளைத் தொடாதீர்கள். எல்லா நிலையத்திலும் நின்று போகும் வட்டார வண்டிதான் நம்மைப் போன்றவர்களுக்கு. அவசரமே இல்லாமல் போகும், விலை பாதிகூட வராது.

மியூனிக்கில் ரயில் ஏறும் முன், நடைமேடையிலேயே எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் குடியிருப்பு அட்டையையும் நான் கேட்டு வாங்கினேன். இதைச் சிரிக்காமல் படியுங்கள். எங்கள் வீட்டில் எந்த ஊருக்குப் போனாலும் எல்லாருடைய டிக்கெட்டும் அடையாள அட்டையும் அப்பாவின் தோல் பையில்தான் இருக்கும். கல்லூரிச் சுற்றுலாவில் அந்த வேலை என் கைக்கு வந்தது. ஒரு கூட்டம் கிளம்பினால் காகிதம் ஒருவரிடம் இருக்க வேண்டும், அவர்தான் பொறுப்பு என்பது எனக்கு ரத்தத்தில் ஊறியது. அதற்கென்றே ஒரு சாம்பல் நிற இடுப்புப் பை வாங்கியிருந்தேன்.

ரோஸ்லின் யோசிக்காமல் கொடுத்துவிட்டாள். சுதாக்கா கொடுக்கவில்லை.

"என்ரை புத்தகம் என்னட்டையே இருக்கட்டும், வித்யா. நான் அதைக் கைமாத்திப் பழக்கமில்லை."

"மூணு பேரு மூணு இடத்துல வச்சா தேடறதுக்கே ஒரு நாள் போயிடும்க்கா. என்கிட்ட குடுத்துட்டு நிம்மதியா வாங்க."

"குடுத்துடுங்கக்கா, இல்லன்னா வெரோனா வரைக்கும் இதையே பேசுவா" என்றாள் ரோஸ்லின்.

சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, ஒரு முறை திறந்து பார்த்துவிட்டுத் தந்தார். "ஓம், கவனம்" என்றார்.

முதல் ஐந்து நாளும் உண்மையிலேயே நன்றாக இருந்தன. அதை மறைக்க மாட்டேன். வெரோனாவில் ஒரு இரவு, பொலோன்யாவில் ஒன்று, ஃபுளோரன்ஸில் ஒன்று, ரோமில் இரண்டு. விடுதியில் ஒரு படுக்கை 24லிருந்து 31 யூரோ வரை. ரோஸ்லின் அம்மா அனுப்பிய புளிக்காய்ச்சல் கைகொடுத்தது. விடுதிச் சமையலறையில் சோறு மட்டும் வடித்தால் போதும். ஃபுளோரன்ஸ் சந்தையில் சுதாக்கா அம்மாவுக்கென்று ஒரு சின்னத் தோல் பர்ஸ் வாங்கினார், பன்னிரண்டு யூரோ. பேரம் பேசி இரண்டு யூரோ குறைத்ததற்கு அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மே 16, வெள்ளி. ரோமிலிருந்து காலை 9.36 வட்டார வண்டி, 13.95 யூரோ, நேபிள்ஸுக்கு மதியம் 12.41. கடைசி நிலையம் அது. இறங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கழிப்பறைக்குப் போனேன். தரையெல்லாம் ஈரம். இடுப்புப் பையைக் கழற்றிக் கதவுக்குப் பின்னாலிருந்த கொழுக்கியில் மாட்டினேன். வெளியே யாரோ தட்டினார்கள். அவசரமாக வந்து, பதினொரு கிலோ முதுகுப் பையைத் தூக்கி மாட்டி, இறங்கிவிட்டேன்.

நிலையத்துக்குள் ஒரு காப்பிக் கடையில் காசு கொடுக்கக் கை இடுப்புக்குப் போனது. கடைச் சுவரில் கடிகாரம். 12.55.

அந்தக் கொழுக்கி அந்த நொடியே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. இதை எத்தனை முறை எனக்குள் மறுத்திருப்பேனோ தெரியாது, ஆனால் வந்தது. கூடவே சுதாக்காவின் முகத்தைப் பார்த்தேன். வாய் தானாகச் சொன்னது: "பையை யாரோ அறுத்துட்டாங்க."

ரோஸ்லின் கேட்டாள்: "டாய்லெட் போனியே, அப்ப இருந்துச்சா?"

"இருந்துச்சு. வெளிய வந்தப்பவும் இருந்துச்சு."

நேபிள்ஸ் என்றால் திருடர்கள் என்று இணையத்தில் எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள்! அவர்கள் அத்தனை பேரும் எனக்குச் சாட்சியாக வந்து நின்றார்கள். யாரும் சந்தேகப்படவில்லை. சுதாக்கா மட்டும் நடைமேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஒருக்கா அந்த ரெயிலுக்கை பாத்திட்டு வருவமே?"

"வண்டி இந்நேரம் போயிருக்கும்க்கா. மொதல்ல போலீஸ்ட்ட போகணும், அதான் முக்கியம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், பை அங்கே இருந்து என் பொய் வெளியே வந்துவிடுமோ என்ற பயம்தான். அசிங்கமாக இருக்கிறது. இருந்தாலும் அதுதான் உண்மை.

போலீஸில் திருட்டு என்று எழுதிக் கொடுத்தோம். இரண்டு மணி நேரம். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தபோது, தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "பெர்லின்ல எம்பசிக்குப் போனா புதுசு குடுத்துடுவாங்கக்கா, பயப்படாதீங்க" என்றேன்.

"உங்களுக்குக் குடுப்பினம்" என்றார் சுதாக்கா. "நான் எந்த எம்பசிக்குப் போறது? என்ரை நாட்டு எம்பசி வாசலை நான் மிதிச்சால், இவ அகதியில்லை எண்டு இஞ்சை எழுதிப் போடுவாங்கள். புத்தகம் எண்டாலும் ஜெர்மன்காரன் திருப்பித் தருவான். அதுக்குள்ளை கிடந்த விசாவை ஆர் தாறது?"

இரண்டு வருடம் பழகியிருக்கிறேன், இது எனக்குத் தோன்றியதே இல்லை. நேபிள்ஸில் விடுதிக்கு இரண்டு இரவுக்குப் பணம் கட்டியிருந்ததால் இரண்டு நாளும் அங்கேயே இருந்தோம். பக்கத்திலிருக்கும் எரிமலையைப் பார்க்கக்கூடப் போகவில்லை. சுதாக்கா படுக்கையிலேயே கிடந்தார். நிலையம் நடந்து போகிற தூரம்தான். தொலைந்த பொருள் அலுவலகம் அங்கே இருக்கிறதா என்று நான் போய்க் கேட்கவில்லை. திருட்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டு எந்த முகத்தோடு கேட்பது?

திரும்பும் வழியில், மே 19 மாலை, ரோசன்ஹைமில் ஜெர்மன் போலீஸ் ரயிலில் ஏறியது. புகார்க் கடிதமும் கைப்பேசியிலிருந்த படங்களும் காட்டினோம். மூவரையும் மரியாதையாகத்தான் இறக்கினார்கள். கணினியில் சரிபார்த்து விடுவதற்கு இரண்டு மணி நாற்பது நிமிடம். ரோஸ்லினும் நானும் சலித்துக்கொண்டோம். சுதாக்கா நாற்காலி நுனியில் நிமிர்ந்து, இரண்டு கையையும் மடியில் தெரியும்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இங்கே வந்த முதல் நாளும் இப்படித்தான் இருந்தேன் என்று பிறகு சொன்னார்.

எனக்கும் ரோஸ்லினுக்கும் நாலு வாரத்தில் புது பாஸ்போர்ட் வந்துவிட்டது. சுதாக்காவுக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், கிடைக்கவே ஆறு வாரம். இந்திய விசாவுக்கு மறுபடி முதலிலிருந்து. ஜூன் 2ஆம் தேதி அவர் வழக்கம்போல் காலை வேலைக்குப் போனார். அன்று இல்லத்தில் ஏழு கிழவிகளைக் குளிப்பாட்டினேன் என்று மட்டும் சொன்னார். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. தினமும் வீடியோவில் பேசினார்கள். "அடுத்த கிழமை வாறியோ பிள்ளை?" என்று அந்தம்மா ஒவ்வொரு தடவையும் கேட்டார். அம்மா, தம்பி இருவருடைய இந்திய விசாவும் முடியப் போகிறது என்று ஆகஸ்ட் 14ஆம் தேதி அவர்களை என் அப்பா விமான நிலையத்தில் ஏற்றிவிட்டார். கடைசி வரை அவர்கள் பாஸ்போர்ட்டையெல்லாம் தன் பையில் பத்திரமாக வைத்திருந்து கொடுத்ததாகப் பெருமையாகச் சொன்னார். போனை வைத்துவிட்டு அழுதேன். அந்தம்மா போயிருப்பது சுதாக்கா போக முடியாத ஒரே நாட்டுக்கு.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு ஞாயிறு மதியம் சுதாக்கா என் வீட்டுக்கு வந்தார். கையில் வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து வந்த தடித்த உறை. உள்ளே அந்த நீலப் புத்தகம். விசா ஒட்டிய பக்கம் அப்படியே இருந்தது. திருட்டுப் போனதாக எழுதிய அன்றே அது செல்லாததாகிவிட்டது. கூடவே இத்தாலிய மொழியில் ஒரு சீட்டின் நகல்.

"இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ."

எனக்கு இத்தாலியன் தெரியாது. கைப்பேசியில் படம் பிடித்தேன். தமிழில் வந்ததை அவரும் எட்டிப் பார்த்தார். கண்டெடுத்த இடம்: ரயில் கழிப்பறை, கதவுக் கொழுக்கி. ஒப்படைத்தவர்: துப்புரவுப் பணியாளர். நேபிள்ஸ் நிலைய அலுவலகத்தில் பதிந்த நாள்: மே 17.

நாங்கள் அந்த ஊரில் இருந்த நாள்.

சுதாக்கா அதை இரண்டு முறை படித்தார். கத்துவார் என்று காத்திருந்தேன்.

"நானும் இஞ்சை வந்த புதுசிலை ரெயில் துடைச்சனான்" என்றார். "கொழுக்கியைப் பாக்காமல் ஒரு நாளும் இறங்கினதில்லை." சீட்டை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தார். "உங்களுக்குத் தெரியும், என்ன?"

"தெரியும்க்கா."

"எப்ப தொடக்கம்?"

"அந்தக் காப்பிக் கடையிலிருந்து."

புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டைக்குள் வைத்து, பொத்தானைப் பூட்டினார். நான் ஊற்றிவைத்த தேநீர் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. அரிசிக் கடையில் ரோஸ்லினை மட்டும் விசாரிக்கிறார்.

இனி உங்களுக்கு. வட்டார வண்டியில் போங்கள், புளிக்காய்ச்சல் எடுத்துப் போங்கள், நேபிள்ஸைப் பற்றி நான் சொன்னதை நம்பாதீர்கள். அந்த ஊர்க்காரர் ஒருவர் எங்கள் பையில் எதையும் எடுக்காமல் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். கூட வருகிறவர் கையிலிருக்கும் காகிதம் என்ன காகிதம், அது போனால் அவருக்கு என்ன போகும் என்று கிளம்பும் முன் கேளுங்கள். அவரவர் புத்தகம் அவரவரிடமே இருக்கட்டும். நேரம் விஷயத்தில் நான் கறார் என்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். அதனால் இதையும் தேடிப் பார்த்து எழுதுகிறேன்: 12.41க்கு நேபிள்ஸ் வந்த எங்கள் வண்டி, அதே நடைமேடையிலிருந்து ரோமுக்குத் திரும்பிப் புறப்படும் நேரம் மதியம் 1.24.