அண்ணாச்சி வீட்டு மீன்குளம்

அண்ணாச்சி வீட்டுக் குளத்து மீன்களைக் கொன்றவள் நான்தான். விஷம் வைக்கவில்லை. என் கையால் அழகாக ஒரு மண்டபம் செய்து கொடுத்தேன்... அதுதான் கொன்றது.

நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி, முழுவதையும் கேளுங்கள்.

ஆற்றின் குறுக்கே ரயில் பாலம் கட்டியபோது என் கணவர் அங்கே ஓவர்சியராக இருந்தார். சீமையிலிருந்து பீப்பாயில் வந்த சிமிட்டியில் சிந்தியதை, மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவருவார். அதை மணலோடு குழைத்துச் சின்னச் சின்னத் தூண்களும் கோபுரங்களும் செய்வது எனக்கு விளையாட்டு. முதலில் செய்த கோபுரத்தை எங்கள் கல்தொட்டியில் இறக்கினேன். மறுநாளே தொட்டியிலிருந்த கெண்டைக் குஞ்சுகள் செத்து மிதந்தன.

அவர்தான் காரணம் சொன்னார். புதுச் சிமிட்டி தண்ணீரில் சுண்ணாம்பைக் கக்கிக்கொண்டே இருக்குமாம். நன்றாக இறுகவிட்டு, தனித் தொட்டியில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். தண்ணீர் கையில் வழுவழுவென்று இருக்கும்வரை மீன் பக்கம் கொண்டுபோகக் கூடாது. மாதக்கணக்கில் ஆனாலும் பொறுக்க வேண்டும். பிறகும் ஆற்று மீன் ஒன்றிரண்டை விட்டுப் பார்த்த பின்புதான் குளத்தில் வைக்கலாம். அப்படிச் செய்த கோபுரத்தைச் சுற்றி எங்கள் மீன்கள் வருஷக்கணக்கில் விளையாடின.

ஆகவே, தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்லிக்கொள்ள வழியில்லை!

என்னோடு கூடப்பிறந்த அண்ணாச்சி அம்பாசமுத்திரத்தில் பெரிய வக்கீல். என் மகள் கோமதி பிறந்தபோதே, அவள்தான் தம் வீட்டு மருமகள் என்று ஊரறியச் சொன்னவர். என் கணவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். வருஷம் திரும்புமுன் அண்ணாச்சி தம் மகன் சங்கரனுக்குத் திருப்புடைமருதூரில் நிலபுலன் உள்ள வீட்டில் பெண் பேசி முடித்துவிட்டார். பெண்ணின் பெயர் சிவகாமி. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பவில்லை; அயலார் வாயால் கேட்டேன். கோமதி சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

அன்று என் நெஞ்சில் எரிந்ததே... அதை இப்போதும் மறுக்கமாட்டேன்.

அண்ணாச்சிக்குப் பின்வாசல் குளம் என்றால் உயிர். கொழும்பிலிருந்து வரவழைத்த சிவப்பு மீன்கள். கோர்ட்டுக் கச்சேரியிலிருந்து வந்ததும் தம் கையாலேயே பொரி போடுவார். அந்தச் சந்தோஷத்தைப் பறித்துவிட வேண்டும் என்றிருந்தது எனக்கு. தகரத்தில் மூடிவைத்திருந்த சிமிட்டியை எடுத்து மண்டபமும் தூண்களும் படிகளுமாகச் செய்தேன். ஒருநாள்கூட ஊறப்போடவில்லை. கல்யாணத்துக்காகக் குளத்தை இறைத்துப் புதுத் தண்ணீர் விட்டிருந்தார்கள். மண்டபம் இறக்க அதுதான் சமயம் என்று கல்யாணத்துக்கு முந்தின நாள் கொடுத்தனுப்பினேன்.

என் தங்கச்சிக்கு மனதில் ஒன்றும் கிடையாது என்று அண்ணாச்சி வந்தவர்களிடமெல்லாம் அதைக் காட்டினாராம்.

சிவகாமி வலதுகால் வைத்து வீடு புகுந்த அன்று என்னைப் பின்கட்டில் உட்காரவைத்தார்கள். தாலியறுத்தவள் எதிரே வரக்கூடாதல்லவா? அங்கிருந்து குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மகிழ்ந்தேன்... ஆம், மகிழ்ந்தேன்!

மறுநாள் காலையில் அத்தனையும் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. பாபநாசம் படித்துறையில் தலைமுறையாக மீனுக்குப் பொரி போடுகிற குடும்பம் எங்களுடையது. அந்த வீட்டாருக்கு இது சாதாரணச் சாவா? மதினி, புதுப்பெண்ணின் காதுபடவே சொன்னாள்.

"இவ காலெடுத்து வச்சா, குளத்துல ஒரு உயிர் மிஞ்சல. இது என்ன ராசி?"

இதை நான் எண்ணியிருக்கவில்லை. ஆனால் நான் அங்கேதான் நின்றேன். அது சுண்ணாம்பு செய்த வேலை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சிவகாமி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். என் முகத்துக்கு வந்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதன்பின் பசு செத்தாலும் அவள் ராசி, வழக்குத் தோற்றாலும் அவள் ராசி. ஆடிக்குப் பிறந்தகம் அனுப்பியவளைத் திரும்ப அழைக்கவே இல்லை.

அடுத்த வருஷம் அண்ணாச்சி என் வாசலுக்கு வந்தார்.

"ஏளா, நான் செஞ்சது தப்புதான். கோமதிய சங்கரனுக்குத் தந்துரு."

அவரைச் சற்று நேரம் நிற்கவைத்தேன். பிறகு கொடுத்தேன்.

கோமதி நன்றாக இருக்கிறாள். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள் என்று ஒரே ஒருமுறை என்னிடம் கேட்டாள். நான் வேறு பேச்சுக்குப் போய்விட்டேன்.

போன தைப்பூசத்துக்குப் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு திருப்புடைமருதூரில் நீராடப் போனேன். படித்துறையில் சிவகாமி உட்கார்ந்திருந்தாள். மிகவும் இளைத்திருந்தாள். என்னை அடையாளம் கண்டு எழுந்து, நலம் விசாரித்தாள். பேரன் சிரித்துக்கொண்டே அவளிடம் கையை நீட்டினான். அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கீழ்ப்படிக்கு இறங்கி ஒதுங்கினாள்.

"பிள்ளைமேல என் நெழலு பட வேண்டாம். அங்கன கொண்டுபோங்க" என்றாள், பைய.

அப்போதாவது சொல்லியிருக்கலாமே? கோமதியின் வாழ்வு கெட்டுவிடும் என்று அஞ்சினேனா... அல்லது அண்ணாச்சி என் வாசலில் நின்ற அந்த நாளை விட்டுக்கொடுக்க மனமில்லையா? எனக்கே தெரியவில்லை.

பேரனைத் தூக்கிக்கொண்டு, அவள் கைகாட்டிய பக்கமே போனேன்.