தலைவர் வைத்த பெயர்

தொலைக்காட்சியில் தலைவரின் உடல் பீரங்கி வண்டியில் போய்க்கொண்டிருந்தது. மேலே தேசியக் கொடி, கொடியின் மேல் ரோஜா இதழ்கள். இரு பக்கமும் சிப்பாய்கள் கால்களை மெல்ல எடுத்து வைத்து நடந்தார்கள். இங்கே விழுப்புரத்தில் கடைகளை அடைத்துவிட்டார்கள். எங்கள் தெருவில் கறுப்புக் கொடி. பின்தெருவில் பட்டாசு வெடித்ததாகவும் போலீஸ் வேன் வந்து நிற்பதாகவும் கீழ்வீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போனார். உயிரோடு இருந்தபோது மனிதர்களை எப்படிப் பிரித்து வைத்திருந்தாரோ, போகும்போதும் அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்.

“ஒரு பாக்கெட் பால் கெடைக்கல. இந்தாளு செத்தும் பேஜார் பண்றாரு,” என்றாள் என் மனைவி.

தொலைக்காட்சி அறிவிப்பாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, தலைவர் எத்தனையோ ஏழைக் குழந்தைகளுக்குத் தம் வாயாலேயே பெயர் சூட்டியவர் என்றார். பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று வந்தது. மேடையில் தலைவர் ஒரு குழந்தையை இரு கைகளிலும் ஏந்தியிருந்தார். குழந்தையின் முகம் தெரியவில்லை. எழுந்துபோய்த் திரைக்குப் பக்கத்தில் நின்றேன்.

“கண்ணு தெரியலனா கண்ணாடியப் போட்டுக்கறது.”

கண்ணாடி போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

என் தங்கைக்கும் அவர்தான் பெயர் வைத்தார்.

எங்கள் ஊர் பெருமுக்கல் மலைக்கு இந்தப் பக்கம். அப்பாவுக்கு மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை விளையும் சொந்த நிலம் இருந்தது. நிலத்தைவிடத் தலைவர் மேல் பற்று அதிகம் இருந்தது. தங்கை பிறந்ததும், தலைவர் திண்டிவனம் வரும்போது மேடையில் பெயர் வைக்கலாம், அதுவரை யாரும் எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்றுவிட்டார். தலைவரின் பயணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. தங்கை குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள். பெயர் மட்டும் வரவில்லை. பாப்பா என்றே கூப்பிட்டோம்.

அவள் பிறந்தபோது பிரசவம் பார்த்தது காலனியில் இருந்த நர்சம்மா. திண்டிவனத்து ஆஸ்பத்திரியில் வேலை. ஊரார் எதிரில் அம்மா அவரை நீ என்பாள். யாரும் இல்லாதபோது அக்கா என்பாள். காலனிக்காரர்களை வாசற்படி ஏறவிடுகிறவன் நம் ஆளே இல்லை என்று தலைவர் எங்கோ ஒரு கூட்டத்தில் பேசியதும், நர்சம்மா எங்கள் வீட்டுக்கு வரக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அதன்பிறகு அப்பா கழனிக்குப் போன நேரம் பார்த்து அவர் தோட்டத்துப் பக்கமாக வந்து போனார்.

தலைவர் ஒருவழியாகத் திண்டிவனம் வந்த அன்று பாப்பாவுக்குக் கடுமையான காய்ச்சல். காலையில் நர்சம்மா வந்து, பாப்பாவின் மார்பில் காதை வைத்துக் கேட்டார்.

“நெஞ்சு பூரா சளி கட்டிக்கினு இருக்குது. ஜல்தி ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு வந்துடு. டாக்டர்கிட்ட நான் சொல்லி வெக்கிறேன்.”

“அவரு கூட்டத்துக்கு வண்டி கட்டப் போறாருக்கா.”

“கூட்டம் எங்க போவுது? புள்ளையப் பாரு.”

அவர் போன பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி போகும்போது, தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்லி இறங்கி உள்ளே போய்விடுவாளாம். நீயும் என்கூட இறங்கிடு என்றாள். “அப்பாகிட்ட சொல்லாத.”

அப்பா என்னையும் மேடையேற்றுவதாகச் சொல்லியிருந்தார். தலைவர் என் தலையைத் தொடுவார் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்து வைத்திருந்தேன். வண்டியில் அப்பாவுக்குப் பக்கத்தில், முன்னால் உட்கார்ந்திருந்தேன். மாட்டுக் கொம்புகளில் கட்சிக் கொடி. திண்டிவனம் நெருங்க நெருங்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்பாவின் காதில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நர்சம்மா வந்ததையும் சேர்த்து.

அப்பா என் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஆஸ்பத்திரித் தெருவை விட்டுவிட்டு வண்டியை ஏரிக்கரைப் பக்கம் திருப்பினார்.

“இந்த வழியா ஏன் போறீங்க?” என்றாள் அம்மா.

“பேரு வெச்சுட்டுப் போவலாம். ஆஸ்பத்திரி எங்கயும் ஓடிடாது.”

தலைவர் பொழுது சாயும் நேரத்தில் வந்தார். அதுவரை பாப்பா வெயிலில் அம்மாவின் மடியில் கிடந்தாள். முதலில் அழுதாள், பிறகு அழவில்லை. குழந்தைகளைத் தலைகளுக்கு மேலே கைமாற்றிக் கைமாற்றி மேடைக்கு அனுப்பினார்கள். அன்று வந்த பெண் குழந்தைகள் எல்லாருக்கும் தலைவர் ஒரே பெயரைத்தான் வைத்தார்: வெற்றிச்செல்வி. ஒலிபெருக்கியில் பெயர் கேட்டதும் அப்பா துண்டை வீசி ஆடினார். நானும் கைதட்டினேன். என்னை மேடையேற்ற யாருக்கும் நினைவில்லை.

கூட்டம் முடிந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் நர்சம்மா நின்றுகொண்டிருந்தார். வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை.

“காலையில சொன்னேனே, இம்மா நேரம் எங்க இருந்த?” என்று அம்மாவைக் கேட்டார். உள்ளே பெயர் கேட்டபோது அப்பாதான் சத்தமாகச் சொன்னார், தலைவரே வைத்தது என்றும் சேர்த்து.

மறுநாள் காலையில் பாப்பா போய்விட்டாள். நர்சம்மா வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துவந்து, அழுதுகொண்டே அப்பாவிடம் நீட்டினார். அப்பாவும் அழுதுகொண்டுதான் இருந்தார். ஆனால் கையை நீட்டாமல், பெஞ்சில் வைக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். காலனிக்காரர்கள் கையிலிருந்து அப்பா எதையும் நேராக வாங்குவதில்லை. அம்மா தரையிலிருந்து எழுந்து வந்து, இடையில் புகுந்து வாங்கிக்கொண்டாள். அப்படி வாங்கும்போது நர்சம்மாவின் தோளில் ஒரு கணம் தலையைச் சாய்த்தாள்.

திரையில் துப்பாக்கிகள் முழங்கின. கொடியை மடித்துத் தலைவரின் மகனிடம் கொடுத்தார்கள். அவர் அதை இரு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.

“என்னங்க, அழுவுறீங்களா? அந்தாளுக்கா?” என்றாள் மனைவி. இத்தனை வருஷத்தில் அவளிடமும் நான் இதைச் சொன்னதில்லை.

அம்மா அந்தப் பெயரை ஒருநாளும் உச்சரிக்கவில்லை. சாகும்வரை பாப்பா என்றுதான் சொன்னாள். என்னை ஒரு வார்த்தை திட்டியதும் இல்லை. நான் அப்பாவின் காதில் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை என்று நம்பிக்கொண்டேன். வண்டியில் என் முதுகை ஒட்டித்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு ‘அப்பாகிட்ட சொல்லாத’ என்று அவள் என்னிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் இனி ரகசியமே கிடையாது என்று நினைத்து, அப்போது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.