விரிப்பின் மறுமுனை

பதினைந்து வயது முடிவதற்குள் கிறிஸ்பின் பதினோரு முறை செத்திருந்தான். கத்தியில் ஐந்து, விஷத்தில் நான்கு, ஆற்றில் விழுந்து ஒன்று, வெறும் ஏக்கத்திலேயே ஒன்று. ஏக்கத்தில் சாவதுதான் கஷ்டம், நாக்கைத் துருத்திக் காட்ட வழியில்லை என்பான். லண்டனின் நாரை நாடகக் கொட்டகையில் பெண் வேடமெல்லாம் பையன்களுக்குத்தான். அதிலும் ராணி, இளவரசி என்றால் மூன்று வருஷமாக அவனுக்குத்தான். அவன் மேடையில் செத்து விழுந்தால் தேம்ஸ் படகுக்காரர்களே மூக்கைச் சிந்துவார்கள். மேடைக்குப் பின்னால் அவன் அரசர்களின் காலணிக்குள் விலாங்குக் குஞ்சு விடுகிற ஆசாமி.

ஆனால் பைத்தியம் பிடித்து அவன் நடித்ததே இல்லை.

அந்த அக்டோபரில் வந்த புது நாடகத்தில் அதுவும் வந்தது. முழு நாடகத்தையும் யார் கையிலும் தருவது கொட்டகை வழக்கமில்லை. எவனாவது கொண்டுபோய்ப் போட்டிக் கொட்டகையில் விற்றுவிடுவான். அவரவர் பேச்சு மட்டும் ஒரு சுருளில் இருக்கும், ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் எதிராளி சொல்லும் கடைசி மூன்று வார்த்தையோடு. எதிராளி என்ன செய்யப்போகிறான் என்பது மேடையில் நிற்கும்போதுதான் தெரியும். கிறிஸ்பினின் சுருள் இளவரசி ரொசமீராவினுடையது. அவள் புருஷனை அவள் அப்பனான ராஜாவே கொன்றுவிடுகிறான். நாலாம் அங்கத்தில் அவள் புத்தி பேதலித்து வருகிறாள். அந்த இடத்தில் இரண்டு அடிப் பாட்டு. அதற்குக் கீழே, "இங்கே அவள் பைத்தியம்போல் நடந்துகொள்கிறாள்." அப்புறம் ஒரு ஜாண் வெறும் தாள்.

நாடகம் எழுதியவர் எதிர்க் கடையில் பீர் குடித்துக்கொண்டிருந்தார். கிறிஸ்பின் சுருளோடு போய் நின்றான்.

"புலவரே, இங்க ஒண்ணுமே எழுதலயே?"

"அதான்டா பைத்தியம்."

"வெறுந்தாளா?"

"முடிய விரிச்சுப் போட்டுக்கோ. சிரி, அப்புறம் அழு. இல்ல இல்ல, மொதல்ல அழு. எல்லாத்தயும் நானே எழுதிட்டா உனக்கு மூஞ்சி எதுக்கு?"

ராஜா வேடக்காரரான ஹம்ஃப்ரி பேஜட்டுக்கு அது பிடிக்கவில்லை. அவர் வீட்டில்தான் கிறிஸ்பினுக்குச் சோறும் படுக்கையும் உதையும். "முடிய விரிக்கிறத எல்லாக் கொட்டகையிலயும் விரிக்கிறானுங்க. ஊரு வடக்கு வாசலுக்கு வெளிய பைத்தியக்கார விடுதி இருக்குல்ல, அங்க போயி ஒரு மணி நேரம் நின்னு பாரு. அசல் சரக்கா ரெண்டு அள்ளிட்டு வா. உன் தொண்ட வேற இப்பல்லாம் வாத்து மாதிரி கத்துது. இதுவே உன் கடைசிப் பாவாடையா இருக்கலாம், ஞாபகம் வச்சுக்கோ."

"அங்க போனா என்னய வெளிய விட மாட்டாங்களே, எஜமான்!"

எல்லோரும் சிரித்தார்கள். கிறிஸ்பின் அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தான். அந்த விடுதிப் பெயரைக் கேட்டாலே அவனுக்கு உள்ளங்கை வேர்க்கும் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

அசல் சரக்குக்காக அவன் வடக்கு வாசல்வரை நடக்க வேண்டியதில்லை. இரண்டு சந்து தாண்டினால் போதும்.

அவன் அம்மா அவிஸ் சலவைக்காரி. கப்பல்காரர் சத்திரங்களின் விரிப்புகளையெல்லாம் சாம்பல் நீரில் ஊறவைத்து, கட்டையால் அடித்து, வேலியில் உலர்த்தி மடிக்கிறவள். விரிப்பு மடிப்பது ஓராள் வேலையில்லை. இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி. நாலு எட்டு முன்னால் வந்து முனையோடு முனை சேர்த்து, நாலு எட்டு பின்னால் போக வேண்டும். அந்த முனையில் நிற்க அவளுக்கு ஜில், டெனிஸ் என்று இரண்டு மகள்கள் இருந்தார்கள். இரண்டு கோடைக்கு முன்னால் வந்த கொள்ளைநோயில் ஒரே வாரத்தில் இருவரும் போனார்கள். அவர்களைச் சுற்றிப் புதைத்த விரிப்புகளும் அவள் வெளுத்தவைதான்.

அதற்குப் பிறகு அவள் கையில் ஒன்றுமில்லாமலே மடிக்க ஆரம்பித்தாள். தெருவில் யார் வந்தாலும், பாதிரியார் ஆனாலும் பால்காரி ஆனாலும் வண்டிக் குதிரை ஆனாலும், இரண்டு கையையும் நீட்டி, "அந்த முனையப் புடிம்மா" என்பாள். பிடிக்காவிட்டால் கை நடுங்கும்வரை அப்படியே நிற்பாள். அப்புறம் தானே மடித்து, இல்லாத அடுக்கின்மேல் வைத்து ஒரு தட்டுத் தட்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிறிஸ்பின் பிடிப்பான்.

"சுருக்கம் விழுது பாரு, எருமை. இழுத்துப் புடி."

"இழுத்துத்தானே புடிச்சிருக்கேன்? எங்க சுருக்கம்? காட்டு."

"கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?"

சண்டை போட்டுக்கொண்டே இருவரும் இருபது முப்பது மடித்துவிடுவார்கள். மற்ற நாளெல்லாம் பக்கத்து வீட்டு மார்ஜரிதான் பார்த்துக்கொள்வாள். விலாங்கு விற்கிறவள், அவள் வாய்க்குப் பயந்து அந்தச் சந்தில் நாய்கூடக் குரைக்காது. வட்டாரத் தேவாலயப் பொறுப்பாளர் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தார்: "யாருக்கும் தொந்தரவு இல்லாதவரைக்கும் வீட்டுலயே இருக்கட்டும். ஒரே ஒரு புகார் வந்தாலும் விடுதிதான். அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது." வராது என்று கிறிஸ்பின் வேதப்புத்தகத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் பண்ணினான். அவன் வாழ்க்கையில் விளையாட்டில்லாமல் செய்த சத்தியம் அது ஒன்றுதான்.

நாடகம் அரங்கேறிய மதியம் கூரைமேல் கொடி ஏறியது, எக்காளம் ஊதினார்கள், கூட்டம் பிதுங்கியது. நாலாம் அங்கம். கிறிஸ்பின் முடியை விரிக்கவில்லை. வாரிய தலையோடு, நிதானமாக, வேலைக்கு வந்தவள்போல் வந்தான். சிம்மாசனத்துக்கு எதிரே நின்று இரண்டு கையையும் ராஜாவிடம் நீட்டினான். சுருளில் இல்லாததைச் சொன்னான்.

"அந்த முனையப் புடிங்கப்பா."

ஹம்ஃப்ரியின் சுருளில் அப்படி ஒன்றுமே கிடையாது. அவர் முகம் வெளுத்தது; அது நடிப்பில்லை. ஏதாவது செய்தாக வேண்டுமே என்று எழுந்து வந்து இல்லாத முனையைப் பிடித்தார். முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். நாலு எட்டு முன்னால், நாலு எட்டு பின்னால். மூன்றாவது மடிப்பில் அது செத்த புருஷனைச் சுற்றும் துணி என்று கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. கொட்டைகளைக் கடிக்கிற சத்தம் நின்றது. கிறிஸ்பின் அடுக்கின்மேல் வைத்து ஒரு தட்டுத் தட்டியபோது மாடத்தில் ஒரு பெண் கேவியது கீழேவரை கேட்டது.

பொய் சொல்வானேன், கிறிஸ்பினுக்கு அது பிடித்திருந்தது. திரைக்குப் பின்னால் வந்ததும் ஹம்ஃப்ரி அவன் காதைப் பிடித்துத் திருகி, அதே கையால் அவனைக் கட்டிக்கொண்டு, "எங்கருந்துடா புடிச்ச இத?" என்றார்.

"சும்மா தோணுச்சு, எஜமான்."

வாரம் நாலு நாள் அதே நாடகம். பத்தே நாளில் ஊரெல்லாம் பற்றிக்கொண்டது. வேலை பழகும் பையன்கள் கடைவாசலிலும் பாலத்திலும் எதிர்ப்பட்டவர்களிடம் கையை நீட்டி, "முனையப் புடிங்கப்பா!" என்று கத்தினார்கள். கிறிஸ்பினும் அதைக் கேட்டுக் கெக்கலித்துக்கொண்டு திரிந்தான். நவம்பர் முதல் வாரத்தில் மார்ஜரி மீன்கூடையோடு நேரே ஒப்பனை அறைக்குள் வந்துவிட்டாள். கிறிஸ்பின் பாதிப் பாவாடையில் நின்றான்.

"இளவரசியம்மா நல்லா இருக்கீங்களா?"

"அக்கா, இங்க எதுக்கு வந்த?"

"உங்க அம்மாவ வித்துத் தின்னுறியே, ருசி எப்படின்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். சந்து வாசல்ல ஒரு பய உன் நாடகத்தப் பாத்துட்டு வந்து, அட, இது நம்ம அவிஸு கெழவி பண்றதாச்சேன்னு சொல்லிட்டான். இப்ப தெனமும் பத்து, இருபது பேரு. அங்கியக் கழட்டி அவ கையில குடுத்து, மடி மடிங்கிறானுங்க."

"அம்மா என்ன பண்ணுது?"

"சிரிக்கிறா. இத்தன நாள் கழிச்சு அந்த முனையப் புடிக்க ஆளு வந்துருச்சில்ல? காலையில எந்திரிச்சதும் வாசல்ல போயி நிக்கிறா. அதத்தான்டா என்னால பாக்க முடியல. ஒரு நாள் எவனாவது இழுத்து விடுவான், இவ விழுவா, எந்திரிச்சு அடிப்பா. அடிச்சா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும். நிறுத்து. நீ நிறுத்தினா பத்து நாள்ல மறந்துருவானுங்க."

"நிறுத்திடுறேன், அக்கா."

"சத்தியம்?"

"சத்தியம்."

மறுநாள் நாலாம் அங்கத்தில் அவன் முடியை விரித்துப் போட்டுக்கொண்டு வந்தான். சிரித்தான். அழுதான். பாட்டை எடுத்தான். இரண்டாம் அடியில் குரல் உடைந்து, ஒரு கிழட்டு வாத்து கொட்டகைக்கு நடுவே கத்தியது. கூட்டம் ஒரு கணம் பார்த்தது, பிறகு வெடித்துச் சிரித்தது. "இளவரசிக்கு மீச மொளைக்குதுடோய்!" என்றான் ஒருத்தன். "முனை! முனை!" என்று தரையைக் காலால் உதைத்தார்கள். ஒரு ஆப்பிள் பறந்து வந்து அவன் தோளில் பட்டது. ஹம்ஃப்ரி சிம்மாசனத்திலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "செய்டா, நாயே" என்றார்.

அந்த ஒரு மதியம் அவன் சிரிப்புக்கு இடமாகிவிட்டிருந்தால் போதும். பிறரைச் சிரிப்புக்கு இடமாக்கியே வளர்ந்தவனுக்கு அது முடியவில்லை. கை தானாக நீண்டது. கொட்டகை அடங்கியது. அழுதது.

அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்த தோல் பதனிடும் பையன்கள் ஆறு பேர் நேரே சந்துக்குப் போனார்கள். அவிஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு தடித்த அங்கியைக் கொடுத்தார்கள். அவள் இரண்டு மடிப்பு மடித்தாள். மூன்றாவதில், அவள் பின்னால் எட்டு வைக்கையில், எதிர்முனையை வெடுக்கென்று இழுத்தார்கள். கல்லில் முகம் அடிபட்டு விழுந்தாள். எழுந்தபோது கையில் சலவைக் கட்டை இருந்தது. பதினாலு வயதுப் பையன் ஒருவனுக்குக் காறை எலும்பு முறிந்தது. "ஜில்ல எங்கடா விட்டீங்க?" என்று கேட்டுக் கேட்டு அடித்தாளாம்.

ஒரு புகார் போதும் என்றிருந்தார் பொறுப்பாளர். அன்று ஏழு வந்தன. மறுநாள் காலையிலேயே வண்டி வந்தது. மார்ஜரி வண்டிச் சக்கரத்தின் குறுக்கே உட்கார்ந்து பார்த்தாள். அவளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போனார்கள்.

கிறிஸ்பின் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் பேசியபோது அது முழு ஆண்குரலாக இருந்தது. ரொசமீரா வேடம் வேறொரு பையனுக்குப் போயிற்று. கிறிஸ்பினுக்குத் தூதன் வேடம். "அரசே, குதிரைகள் தயார்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். அம்மாவைத் திரும்பக் கேட்டுப் பொறுப்பாளரிடம் போனான். பெரியவர் யாராவது ஜாமீன் நிற்க வேண்டும் என்றார். ஹம்ஃப்ரி நிற்கவில்லை. "கொட்டகைக்கு இது நல்ல பேரா?" என்றார்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கொட்டகைக்கு விடுமுறை. விடுதிக்கு அன்றுதான் அறுவடை. குடும்பம் குடும்பமாக, கையில் இஞ்சி ரொட்டியோடு, வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். கிறிஸ்பினும் வாசலில் காசைக் கொடுத்துவிட்டு உள்ளே போனான். உள்நடையின் கடைசியில் பெருங்கூட்டம். காவலாளி ஒரு கழியை வைத்துக்கொண்டு கூவினான்.

"இதுதான் அசல்! கொட்டகையில நீங்க பாத்ததெல்லாம் நகல்! அசல் ரொசமீரா இந்தம்மாதான்!"

கம்பிக்குப் பின்னால் அவிஸ் உட்கார்ந்திருந்தாள். காவலாளி கழியால் குத்தினான். எழுந்தாள், கையை நீட்டினாள். ஒருவன் அந்தக் கையில் கொட்டை ஓட்டைப் போட்டான். இன்னொருவன் வாழ்த்துப் பாட்டுத் தாளைத் திணித்தான். அவள் அதை மடித்தாள், மறுபடி குத்தினான், மறுபடி நீட்டினாள். முழங்கைவரை கன்றிப்போயிருந்தது.

கிறிஸ்பினுக்கு முன்னால் நின்ற தொப்பிக்காரர் மனைவியிடம் சொன்னார்: "கொட்டகைப் பையன் இதவிட நல்லாப் பண்ணினான்."

"ஆமா. இவளுக்கு மூஞ்சில ஒண்ணுமே வரல."

கிறிஸ்பின் மூச்சை வயிற்றிலிருந்து இழுத்தான். ஆயிரம் பேர் கேட்கப் பேசிப் பழகிய வாய். புதுக் குரல் வேறு.

"கட்டி! அந்தம்மா அக்குள்ள கட்டி இருக்கு! நான் பாத்தேன்! கொள்ளநோய்!"

அந்த வார்த்தைக்கு லண்டனில் ஒருவரும் ஆதாரம் கேட்பதில்லை. தொப்பிக்காரர் மனைவியை விட்டுவிட்டு ஓடினார். இஞ்சி ரொட்டிகள் தரையில் நசுங்கின. பெரிய கதவில் ஆள்மேல் ஆள் ஏறினார்கள். காவலாளியும் கழியைப் போட்டுவிட்டு ஓடினான். எண்ணி இருபது மூச்சில் உள்நடை காலியாகிவிட்டது.

அவிஸ் நீட்டிய கையோடு நின்றுகொண்டிருந்தாள். கை நடுங்கியது. அவனைப் பார்த்தாள்.

"யாருப்பா? புடிக்கிறியா?"

அவன் கம்பியருகே போனான். பிடித்தால் அவள் மடிப்பாள்; மடித்தால் அடுத்தது எடுப்பாள்.

"இல்லம்மா. ஈரம் காயல. எல்லாம் வேலியில தொங்குது. உக்காரு."

"காயலயா?"

"மழ நாளும்மா. எப்படிக் காயும்? உக்காரு."

அவள் யோசித்தாள். கையை இறக்கினாள். வைக்கோல்மேல் உட்கார்ந்து முதுகைச் சுவரில் சாய்த்தாள். ஒரு நாள் முழுக்கத் துணி அடித்தவள் விடுகிற பெருமூச்சு ஒன்று விட்டாள்.

காவலாளிகள் நாலு பேராகத் திரும்பி வந்து கிறிஸ்பினைப் பிடித்தார்கள். வைத்தியர் வந்து பார்த்துக் கட்டி இல்லை என்றார். அதை நம்பிப் பார்க்கவர ஒருவரும் தயாரில்லை. பண்டிகை வசூல் போன ஆத்திரத்தில் அவர்கள் கொடுத்த உதையில் அவனுக்கு இரண்டு பல் போயிற்று. வாசற்காரனிடம் அவன் முகத்தைத் திருப்பிக் காட்டி, இவன் இனிமேல் எந்த நாளும் உள்ளே வரக்கூடாது என்று சொல்லி வெளியே தள்ளினார்கள்.

மார்ஜரிக்குத் தடையில்லை. மாதத்துக்கு ஒருமுறை ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். ஜனவரிக் கடைசியில் முதல்முறை போய்விட்டு நேரே கொட்டகைக்கு வந்தாள். கிறிஸ்பின் தூதன் தொப்பியோடு பின்படியில் உட்கார்ந்திருந்தான்.

"கூட்டம் வருதா, அக்கா?"

"அந்தப் பக்கம் ஒரு ஈ காக்கா இல்ல."

"என்னயக் கேட்டுச்சா?"

"இல்ல." மார்ஜரி அவன் பக்கத்தில் கூடையை வைத்தாள். "நான் கைய நீட்டிக்கூடப் பாத்தேன்டா. இன்னும் காயலன்னு சொல்லிட்டு உக்காந்துட்டா."

உள்ளே எக்காளம் ஊதியது. கிறிஸ்பின் எழுந்து தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டு குதிரைகள் தயார் என்று சொல்லப் போனான்.