ஜெனுஷா சிவப்பாக்கிய சோதனை

எங்கள் கடற்கரை ஊரான பேசாலையில் ஜெனுஷாவின் தொழிலைக் கேட்டால், "கொம்பியூட்டரில பிழை பிடிக்கிறாள்" என்பார்கள். இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்களோடு நான் இப்போது சண்டைக்கே போய்விடுவேன். அவள் என் தங்கை மாக்கிறட்டின் மகள்.

வீட்டிலிருந்தபடியே கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்கிறாள். அவர்கள் மீன்பிடிப் படகுகளுக்கு ஒரு செயலி செய்தார்கள். புறப்படும்போது பதிய வேண்டும். மறுநாள் காலை ஏழு மணிக்குள் திரும்பியதைப் பதியாவிட்டால் வீட்டுக்கு எச்சரிக்கை போகும். அதைச் சரிபார்க்கும் தானியங்கிச் சோதனைகள் ஜெனுஷாவின் பொறுப்பு. நாள் கணக்கைத் தானே எழுதாமல், யாரோ எழுதி இணையத்தில் வைத்த ஆயத்த நிரல் ஒன்றை எடுத்துச் சேர்த்தாள். அதை லைப்ரரி என்பார்கள். செயலிக்குள்ளும் அதே லைப்ரரிதான். நானூற்றுப் பன்னிரண்டு சோதனைகளும் பச்சை, அதாவது எல்லாம் சரி.

வெளியிட மூன்று நாள் இருந்தது. வெள்ளி பின்னேரம் அவளுடைய அப்பா சந்தியோகு எண்ணெய்க் கானோடு கடலுக்குப் புறப்பட்டார்.

"விடிய வந்திடுவன். நாளைக்கு ராவு தொழில் இல்லைத்தானே."

ஞாயிறு தேவாலயத்தில் பூசை என்பதால் சனி இரவு எங்கள் ஆட்கள் கடலுக்குப் போவதில்லை. செயலிக்கு இந்த வழக்கம் தெரியுமா என்று ஜெனுஷாவுக்கு உறுத்தியது. வெள்ளியன்று போகும் படகு எப்போது திரும்பவேண்டும் என்று செயலியில் பார்த்தாள். திங்கள் காலை ஏழு மணி என்றது.

லைப்ரரி கந்தோர்களுக்காக, அதாவது அலுவலக வேலைநாட்களுக்காக, எழுதப்பட்டது. சனி, ஞாயிறு லீவென்று திங்களுக்குத் தள்ளிவிட்டது. சோதனையும் சரியான விடையை அதே லைப்ரரியிடம் கேட்டதால் இரண்டும் ஒத்துப்போயின. கள்ளனையே சாட்சிக்குக் கூப்பிட்ட கதை. வெள்ளி போன படகு கவிழ்ந்தாலும் திங்கள் வரை ஒருவருக்கும் தெரியவராது.

லைப்ரரியைக் கேட்காமல், சனி காலை ஏழு என்று சோதனையில் தன் கையாலேயே எழுதினாள். உடனே சோதனை தோற்றுச் சிவப்பு விழுந்தது. கொழும்பிலுள்ள பொறுப்பாளர் சுகந்தனுக்கு அழைப்பெடுத்தாள்.

"ஒண்டுதானே ஜெனுஷா. திங்கள் வெளியில விட்டிட்டுப் பிறகு திருத்துவம்."

"இல்லை அண்ணா. லைப்ரரியைச் சோதனைக்குள்ள கொண்டுவந்தது நான், பிழை என்ர. ஆனா அந்த ஒண்டிலதான் என்ர அப்பா இப்ப கடலுக்குப் போயிருக்கிறார்."

சுகந்தன் ஒத்துக்கொண்டார். வெளியீட்டை ஒரு கிழமை தள்ளிவைத்தார். அவள் லைப்ரரியை எறிந்துவிடவில்லை. படகு திரும்பும் நேரங்களை மட்டும் எங்கள் கடற்கரை வழக்கப்படி சோதனைகளில் ஒவ்வொன்றாகக் கையால் எழுதினாள்; அவை பச்சையாகும்வரை கொழும்பில் செயலியைத் திருத்தினார்கள். தன் பிழையைத் தானே சொல்லத் துணிந்தாளே, அதுதான் எனக்குப் பெரிய பெருமை.

செயலி வந்தபின் முதல் சனிக்கிழமை. சரியாக ஏழு மணிக்கு மாக்கிறட்டின் போன் அலறியது. நாங்கள் நாலு பேர் கடற்கரைக்கு ஓடினோம். சந்தியோகு ஆறு மணிக்கே வந்து, பதிய மறந்து, வலையில் மீன் கழற்றிக்கொண்டிருந்தார்.

"கரையில நிக்கிறவனையும் தேடுதோ இது?" என்று சினந்தார்.

பிறகு மாக்கிறட்டின் கையிலிருந்த போனை வாங்கி, பக்கத்துப் படகுக்காரரிடம் நீட்டினார்.

"என்ர பிள்ளை செய்தது. ஏழு மணியெண்டா ஏழு மணிதான்."