எல்லோருக்கும் டீ

சிஸ்டர் எமரென்சியா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, ஒன்பதாம் வகுப்பிலிருந்து யார் யாரை வெளியே அனுப்புவது என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டிருந்தோம். இப்படிச் சொல்லக் கூடாது. அந்தக் கூட்டத்தின் பெயர் 'மெல்லக் கற்கும் மாணவியர் நலன் குறித்த ஆலோசனை'. அலுவலகத்திலிருந்து வந்து செய்தியைச் சொன்னார்கள். எழுந்து மௌனமாக நின்றோம். சிலர் அழுதோம். பிறகு உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து மாணவியர் நலனைத் தொடர்ந்தோம்.

பள்ளி மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் தலைமையாசிரியையாக இருந்த காலம் முழுவதும் நான் இங்கே தமிழ் ஆசிரியை என்பதுதான் தகுதி. 'அமைதி, தாழ்மை, கீழ்ப்படிதல்' என்ற மூன்றும் கட்டுரையில் வந்தால் நன்றாக இருக்கும் என்று யோசனையும் சொன்னார்கள். அவரிடம் படித்தவர்களும் திட்டு வாங்கியவர்களும் இதைப் படிக்கப்போகிறீர்கள். ஆகவே அந்த மூன்றையும் விட்டுவிட்டு எழுதுகிறேன்.

நம் பள்ளியில் பெற்றோர் நிற்பார்கள். மாணவியாக இருந்த உங்களுக்கு இது தெரியும். மதிப்பெண் அட்டை வாங்கும் நாளில் உங்கள் அப்பாவும் அம்மாவும் வராந்தாவில் தூணோடு தூணாக நின்றிருப்பார்கள். உங்களுக்குத் தெரியாத வழக்கம் ஒன்று உண்டு. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை பத்தாம் வகுப்பில் தோற்றுவிடும் என்று தோன்றினால், அதன் பெற்றோரை மட்டும் உள்ளே அழைத்து, நாற்காலி போட்டு, டீ கொடுப்போம். பாதி டீ குடித்ததும், "வேற ஸ்கூல்னா பிள்ளைக்குப் பாரம் குறையும்" என்று அன்பாகச் சொல்வோம். கோப்பை காலியாகும்போது மாற்றுச் சான்றிதழ் தயாராக இருக்கும். நூறு சதவீதத் தேர்ச்சி என்று வாசலில் நீங்கள் பார்த்த ஃப்ளெக்ஸ் பலகை இப்படி உருவானதுதான். ஆசிரியர் அறையில் "இந்த வருசம் யாருக்கு டீ?" என்று கேட்டால் எல்லோருக்கும் புரியும்.

இங்கே மாற்றலாகி வந்த புதிதில் சிஸ்டருக்கு மட்டும் புரியவில்லை. அரையாண்டுத் தேர்வு முடிந்து பெற்றோர் வந்த நாளில், கால்கடுக்க நிற்கிறார்களே என்று, ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் அனைவருக்கும் பெஞ்சு போடச் சொல்லி, டீயும் சொல்லிவிட்டார்.

அன்று வராந்தாவில் நடந்ததை நான் மறக்க மாட்டேன். முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் அப்பா டீயைத் தொடாமல் எழுந்து நின்று, "எம்மவ என்ன தப்பு பண்ணுனா?" என்று சத்தம் போட்டார். ஒருவர் கோப்பையை வாங்காமல் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். வடகரையிலிருந்து வந்த ஓர் அம்மா, வயல் வேலையைப் போட்டுவிட்டு வந்தவர், நேராக சிஸ்டரிடம் போனார்.

"சிஸ்டர், டீ வேண்டாம். எம்புள்ள இங்கனயே படிக்கட்டும்."

"டீ குடிச்சாப் படிக்கக் கூடாதுன்னு யாரும்மா சொன்னா?"

"எங்க ஊர்ல போன வருசம் ஒருத்தி குடிச்சா சிஸ்டர். அவ மவ இப்ப வீட்லதான் நிக்கா."

அந்த அம்மாவின் மகள் பெயர் இசக்கியம்மாள். கணக்கு வராது. எங்கள் கணக்குப்படி அந்த ஆண்டு டீ அவளுக்குத்தான்.

மாலையில் சிஸ்டர் என்னை அழைத்து விவரம் கேட்டார். சொன்னேன். அவர் அறையில் பள்ளியின் பழைய படம் ஒன்று தொங்கும். பள்ளியைத் தொடங்கிய சிஸ்டர்கள் மாட்டு வண்டியோடு நிற்பார்கள். அச்சன்புதூர், இலத்தூர், வடகரை என்று வீடு வீடாகப் போய், பெண் பிள்ளையைப் படிக்க அனுப்புங்கள் என்று கெஞ்சியவர்கள் என்று ஆண்டு விழா தோறும் சொல்வோமே, அவர்கள். சிஸ்டர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க வீட்ல இருந்து கூட்டிட்டு வந்தாங்க. நாம வீட்டுக்கு அனுப்புதோம். ரோடு அதேதான் டீச்சர், வண்டியத்தான் திருப்பிட்டோம்" என்றார். அந்த ஆண்டு யாருக்கும் மாற்றுச் சான்றிதழ் எழுதப்படவில்லை. இசக்கி பத்தாம் வகுப்புக்கு வந்தாள்.

பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அப்போது இலத்தூரில் அரிசி மில் வைத்திருந்த அண்ணாச்சி. ஆண்டுதோறும் ஃப்ளெக்ஸ் அவர் உபயம். நல்ல மனிதர், பதறிப்போய் வந்தார்.

"ஒரு பிள்ளைக்காக நூறை விடணுமா சிஸ்டர்? ரிசல்ட் போச்சும்பான். அடுத்த வருசம் அட்மிஷனுக்கு ஆள் வராது."

"அண்ணாச்சி, உங்க மில்லுக்கு என்ன வருது?"

"நெல்லு."

"அரிசியாவே வந்தா?"

"அரிசியா வந்தா மில்லு எதுக்கு?"

"அதத்தான் நானும் கேக்கேன்" என்றார் சிஸ்டர்.

அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு, வழக்கம்போல பத்தாம் வகுப்பு முடிவு வருவதற்கு முந்தின நாளே 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று அச்சடித்து வாசலில் கட்டிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பள்ளியில் தேர்வு முடிவு ஒன்பதாம் வகுப்பிலேயே தெரிந்துவிடும் என்று பழகிப் போனவர்.

இசக்கி கணக்கில் தோற்றாள்.

அண்ணாச்சி ஓடி வந்தார். "சிஸ்டர், அவுத்திருதேன்."

"எதுக்கு? காசு போட்டு அடிச்சது இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சிஸ்டர் ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, பள்ளி மணி அடிப்பவர் பிடித்த ஏணியில் தாமே ஏறி, 'தேர்ச்சி' என்ற சொல்லின் மேல் ஒட்டினார். பலகை இப்போது 'நூறு சதவீதத் தேர்வெழுதல்' என்றிருந்தது. தமிழ் கொஞ்சம் இடித்தது. என்னிடம் கேட்டிருந்தால் சரிசெய்து கொடுத்திருப்பேன். எதிரே பேருந்துக்கு நின்றவர்கள் மறுபடி மறுபடி படித்தார்கள். அதில் பொய் எதுவும் அகப்படவில்லை.

அன்று இசக்கி வாசலுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். ஏணியிலிருந்து இறங்கிய சிஸ்டர், கையில் பசையோடு அவளிடம் போனார். "ஏட்டி, கணக்குதான உன்ன விட்டுச்சு? நீ அத விடாத. நாளைக்கு வா."

மறுநாளிலிருந்து துணைத் தேர்வுக்காக இருவரும் தினமும் உட்கார்ந்தார்கள். தேர்வு முடிந்த அன்று சாரல் பிடித்திருந்தது. சிஸ்டர் இசக்கியையும் அவள் அம்மாவையும் என்னையும் பேருந்தில் ஏற்றிக் குற்றாலம் கூட்டிப்போனார். எங்கள் செருப்பையும் பைகளையும் சுமந்துகொண்டு பேரருவிக்கு எட்டத்தில், குடைக்குள் நின்றார்.

"நீங்களும் வாங்க சிஸ்டர்" என்றாள் இசக்கி.

"நான் குளிச்சா, துணி காயறதுக்குள்ள எங்க தலைமை இல்லத்துக்கு நியூஸ் போயிரும். நீ போ. கணக்கு தலையில இருந்து இறங்குத வரைக்கும் நில்லு."

இசக்கி தேறினாள். இன்று அவள் மாவட்ட ஆட்சியர் என்று எழுதினால் கட்டுரை நன்றாக முடியும். அவள் செங்கோட்டையில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். இதைக் கேட்டு ஏமாற்றமடைபவர்கள் டீ கொடுக்கும் கட்சி. ஆட்சியர் ஆகப்போகிற பிள்ளைக்கு மட்டும்தான் பெஞ்சு என்றால், பள்ளிக்கூடத்தை ஆட்சியர் அலுவலகத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.

ஓராண்டுக்குள் சிஸ்டருக்குப் 'புதிய பொறுப்பு' வந்தது. தொலைவில், வயதான சிஸ்டர்களைப் பராமரிக்கும் இல்லம். அவருக்கு அப்போது அப்படி ஒன்றும் வயதாகிவிடவில்லை. துறவியாகும்போதே கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்தவர், பெட்டியைக் கட்டினார். எனக்குத்தான் ஆறவில்லை. "ஒண்ணும் சொல்லாமப் போறீங்களே" என்றேன். "போன்னா போவேன் டீச்சர். செஞ்சது தப்புன்னு சொல்லுன்னா மட்டும் சொல்ல மாட்டேன்" என்றார். கீழ்ப்படிதல் என்ற சொல்லை மலருக்கு இங்கே கொடுத்துவிட்டேன்.

அவர் போன பிறகு பெஞ்சுகள் உள்ளே போயின. நாற்காலியும் டீயும் திரும்பி வந்தன. ஃப்ளெக்ஸும் நூறுக்குத் திரும்பியது.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். இசக்கியும் அம்மாவும் வந்திருந்தார்கள். கல்லறையிலிருந்து திரும்பியதும், மடத்தில் வந்தவர்கள் அனைவருக்கும் டீ கொடுத்தார்கள். இசக்கியின் அம்மா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"அன்னைக்கு அவங்க குடுத்தத வேண்டாம்னுட்டேன் டீச்சர்" என்றார். பிறகு குடித்தார்.

ஊர் திரும்பிய மறுநாள் மாணவியர் நலன் மீண்டும் கூடியது. நான் ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவின் வகுப்பாசிரியை. என் வகுப்பில் அச்சன்புதூர்ப் பிள்ளை ஒருத்தி. அறிவியல் வராது. அவள் அம்மா வராந்தாவில், தூணோரம், மற்றப் பெற்றோருடன் நின்றிருந்தார்.

"அவங்கள உள்ள உக்கார வச்சு டீ சொல்லிரலாமா?" என்று கேட்டார் இப்போதைய தலைமையாசிரியை.

"வெளிய நிக்கிற எல்லாருக்கும் சொல்லுங்க சிஸ்டர்" என்றேன்.

டீ யாருக்கும் வரவில்லை. அந்த அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு, எதுவும் தெரியாமல், மதிப்பெண் அட்டையோடு வீட்டுக்குப் போனார். மாற்றுச் சான்றிதழில் வகுப்பாசிரியை கையெழுத்துப் போடாமல் எந்தப் பிள்ளையையும் அனுப்ப முடியாது என்பது பள்ளியின் விதி. மறுநாளும் கேட்டார்கள். போடவில்லை. எனக்கும் புதிய பொறுப்பு ஏதாவது வரலாம். மடத்தைச் சேராதவளை மாற்றுவது கொஞ்சம் சிரமம்.

ஆக, அந்தப் பிள்ளை ஜூனில் பத்தாம் வகுப்பில் உட்காருவாள். தேறலாம், தோற்கலாம். எதற்கும் இருக்கட்டும் என்று பெரிய வெள்ளைத் தாளும் பசையும் வாங்கி என் அலமாரியில் வைத்திருக்கிறேன். சிஸ்டர் எமரென்சியாவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அவ்வளவுதான். இந்த முறை தமிழ் இடிக்காது.