ஆண்டாயி எழுதாத செய்தி

ஆண்டாயி எழுதப் படிக்கக் கற்றது முப்பத்தொன்பதாவது வயதில். கற்றுக்கொடுத்தவள் அவளுடைய ஓரகத்தி, அதாவது கொழுந்தன் மனைவி, இருசம்மாள். அவளைவிடப் பதினோரு வயது இளையவள். நான் கற்றுக்கொடுத்ததாக எங்கள் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இருக்கிறது. அது பொய். அந்த அறிக்கையில் உண்மையைத் தேடினால் தேதி மட்டும்தான் தேறும்.

என் பெயர் சாந்தா. 1981இல் பி.ஏ. முடித்த கையோடு திருச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதியோர் கல்வியில் எழுத்துக் கற்ற கூலிப் பெண்களுக்குப் பத்திரிகை வேலை சொல்லிக்கொடுத்து, அவர்கள் ஊர்ச் செய்தியை அவர்களையே எழுதவைப்பது எங்கள் இயக்குநர் நடராசன் போட்ட திட்டம். அரியலூர் ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு நெல் மண்டியின் மாடியை வாடகைக்குப் பிடித்தோம். பத்து நாள் பயிற்சி கொடுத்தோம். பிறகு மாதம் ஒருமுறை எட்டுப் பக்கத்தில், ரோனியோ இயந்திரத்தில் நகலெடுக்கிற ஒரு பத்திரிகை. அதற்குக் ‘களைக்கொத்து’ என்று பெயர் வைத்தவள் நான். என் ஆயுளில் ஒரு நாளும் நான் களை பறித்ததில்லை.

பயிற்சிக்கு வந்தவர்களில் இருசம்மாள் கெட்டிக்காரி. தா.பழூருக்குத் தெற்கே கொள்ளிடத்தை ஒட்டிய ஓர் ஊரின் காலனிக்காரி. ஊர்ப் பெயர் வேண்டாம். “நம்ம தெரு பேப்பர்ல வர்றது நாம செத்தாத்தான் டீச்சர். அதுவும் கூட்டமாச் சாவணும்” என்று முதல் நாளே சொன்னாள். யார், எங்கே, எப்போது என்று சுற்றி வளைக்காமல் எழுத அவளுக்கு இரண்டு நாளில் வந்துவிட்டது. எனக்கே அது இன்றுவரை சரியாக வரவில்லை.

பத்திரிகையை அந்தப் பெண்கள் கைப்படவே எழுத வேண்டும் என்பது நடராசனின் பிடிவாதம். மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் இரும்பு எழுத்தாணியால் கீறி எழுதினால், எழுதியவரின் எழுத்து அப்படியே பிரதிகளில் விழும். “உங்க கையெழுத்துதான் உங்க அச்சு” என்று அவர் மேடையில் முழங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான். ஆபத்து வரக் கூடாது என்று எழுதியவரின் பெயரை மட்டும் போடாமல் விட்டோம். பெயரை மறைத்துவிட்டு எழுத்தை ஊருக்குக் காட்டிய மகா புத்திசாலிகள் நாங்கள்.

ஆண்டாயி பயிற்சிக்கு வரவில்லை. அவளுக்குப் பத்திரிகையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். நடவில் முதல் ஆளாக இறங்குபவள். வாய் ஓயாமல் கேலி பேசுவாள். மூன்று பிள்ளை பெற்று மூன்றையும் பறிகொடுத்தவள். அவள் எழுத்துப் படிக்க வந்ததற்கு ஒரே காரணம் கைநாட்டு. “ஒவ்வொரு தடவையும் எவனாவது எம் வெரலப் புடிச்சு மையில அமுக்குறான் டீச்சர். எனக்கு ஒடம்பே கூசுது” என்றாள். பகலெல்லாம் வயல், பொழுது சாய்ந்ததும் அடுப்பு. அதற்கு நடுவில் இருசம்மாள் சிலேட்டில் அழுத்தி எழுதித் தருவாள். இவள் அதன் மேலேயே பலப்பத்தை ஓட்டுவாள். ஒரு வருடம் இப்படி ஓட்டியதில் இவளுடைய எழுத்து அவளுடையதாகவே ஆகிவிட்டது. இருசம்மாள் கொம்பு போட்டால் நத்தை ஓடு மாதிரி இரண்டு சுற்று சுற்றும். ஆண்டாயியின் கொம்பும் இரண்டு சுற்று சுற்றியது. இரண்டு பேர் எழுதியதையும் பக்கத்தில் வைத்தால் எனக்கே வித்தியாசம் தெரியாது.

1982 ஆவணியில் கருப்பண்ணன் என்ற காலனிக்காரர், பஞ்சநாதனின் மோட்டார் கொட்டகைத் தொட்டியில் இறங்கிக் குளித்துவிட்டார். பஞ்சநாதன் மேலத்தெருவின் பெரிய நிலக்காரர். அவர் பேச்சுக்கு ஊரில் மறுபேச்சு கிடையாது. கருப்பண்ணனைத் தென்னை மரத்தில் காலையில் கட்டி, மாலையில்தான் அவிழ்த்தார்கள். இடையில் வந்தவன் போனவன் எல்லாம் அடித்தான். நடவுக்குப் போன பெண்கள் அந்த மரத்தைத் தாண்டித்தான் போனார்கள், வந்தார்கள்.

இருசம்மாள் அதை ஒன்பது வரியில் எழுதினாள். ஒரு சொல் கூடுதலில்லை. நான் துள்ளிக் குதித்தேன். நடராசன் அந்த இதழை அதிகாரிகளுக்கு அனுப்பிவைத்தார். ஒரு நாள் ஜீப் வந்தது. பஞ்சநாதன் தன் வீட்டு வாசலிலேயே, காலனி ஆட்கள் பார்க்க, நின்றுகொண்டு பதில் சொல்ல வேண்டியதாயிற்று. கருப்பண்ணனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். “என்னை யாரும் அடிக்கலீங்க. மரத்துலேர்ந்து வுழுந்துட்டேன்” என்றார் அவர். அதிகாரி அதை எழுதிக்கொண்டு, மோர் குடித்துவிட்டுப் போனார். மண்டி மாடியில் நாங்கள் கேசரி கிண்டிச் சாப்பிட்டோம். ஜீப்பே வந்துவிட்டதே, சும்மாவா?

பத்து நாள் கழித்துக் காலனியில் தண்டோரா போட்டார்கள். காலனிக்கு மனைப்பட்டா வரப் போகிறது, எழுதத் தெரிந்த பெண்கள் கோவில் வாசலுக்கு வந்து கைப்பட மனு எழுதித் தர வேண்டும். யார் யாருக்கு எழுதத் தெரியும் என்று ஊரில் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வருகிற விருந்தாளிகள் பார்க்கட்டும் என்று, காலனியில் எங்கள் நிறுவனம் நடத்திய இராப்பள்ளியின் சுவரில் நானே பெயர்ப் பட்டியல் ஒட்டியிருந்தேன். ஆறு பெயர்.

ஆறு பேரும் போனார்கள். சொந்த மனை என்றால் யார்தான் போகமாட்டார்கள்? தலை சீவி, பூ வைத்துக்கொண்டு போனாள் ஆண்டாயி. கோவில் வாசலில் பஞ்சநாதன் நாற்காலியில் இருந்தார். அவருடைய காரியக்காரன் தங்கசாமி கீழே உட்கார்ந்து தாளும் பேனாவும் கொடுத்தான். அவன் தொடைக்கு அடியில் ‘களைக்கொத்து’ மடித்து வைக்கப்பட்டிருந்ததை இருசம்மாள் பார்த்துவிட்டாள். எதையும் உற்றுப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குப் பத்து நாள் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

“எனக்கு எழுத வராதுங்கய்யா. டீச்சரம்மா ஆளு பத்தலன்னு எம் பேரையும் சேத்துக்கிட்டாங்க” என்றாள் இருசம்மாள்.

பஞ்சநாதன் சிரித்தார். “அதானே பாத்தேன். சர்க்கார்க் கணக்கு. கைநாட்ட வச்சிட்டு உக்காரு.”

இருசம்மாள் கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தாள். பக்கத்திலிருந்த ஆண்டாயி அவளை வியப்பாகப் பார்த்தாள். இத்தனை ஆண்களுக்கு நடுவில் எழுத வெட்கப்படுகிறாள் போல என்று நினைத்துக்கொண்டாள். பிறகு தாளை மடியில் வைத்துக்கொண்டு எழுதினாள். வாழ்க்கையில் அவள் எழுதிய முதல் மனு. அடித்தல் திருத்தல் எதுவும் இல்லாமல், நடவுக் கயிறு பிடித்தது போல் நேராக எழுதினாள். முடித்ததும் இருசம்மாள் பக்கம் சாய்த்துக் காட்டினாள்.

“எப்புடி இருசு, ஒன் எழுத்தாட்டமே இல்ல?” என்று காதோடு கேட்டாள்.

“நல்லாருக்குக்கா. அவங்ககிட்ட குடு” என்றாள் இருசம்மாள்.

இதை எனக்குச் சொன்னவள் இருசம்மாளேதான். தாளைக் கிழித்துப் போட ஒரு நிமிஷம் இருந்தது டீச்சர் என்றும் அவளேதான் சொன்னாள்.

தங்கசாமி மனுவையும் பத்திரிகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். நத்தைக் கொம்புகள் ஒத்துப்போயின. முதல் அறையிலேயே ஆண்டாயியின் காதோலை தெறித்தது. “நான் இல்லீங்கய்யா. அத எழுதுனது இருசு. அவ எழுத்த வச்சுத்தான் நான் படிச்சேன்” என்று கதறினாள். எல்லோரும் இருசம்மாளைப் பார்த்தார்கள். அவள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். மை இன்னும் காயவில்லை. மற்ற நான்கு பெண்களும் தரையைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தால் அவர்களும் நிருபர் ஆகிவிடுவார்கள்.

அதற்குப் பிறகு ஆண்டாயி யார் பெயரையும் சொல்லவில்லை.

“எந்தக் கையால எழுதுன?” என்று பஞ்சநாதன் கேட்டார். அவள் வெள்ளந்தியாக வலது கையை நீட்டினாள். அதைக் கோவில் படிக்கல்லில் வைத்து, டயர் செருப்புக் காலால் தங்கசாமி ஏறி நின்றான். நான்கு விரல்கள் நொறுங்கின. அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு ஊரில் வேலை கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். அவளுடைய புருஷன் சாமிக்கண்ணு அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அவரால் வேறு என்ன செய்ய முடியும்?

ஐந்தாம் நாள்தான் நான் போனேன். ஆண்டாயி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் இருந்தாள். எங்களைத் திட்டுவாள் என்று பயந்துகொண்டே போனேன். திட்டவில்லை. எல்லாவற்றையும் முன்பே யோசித்து வைத்திருந்தாள்.

“இந்தக் கையால இனிமே ஒரு கோடு இழுக்க முடியாது டீச்சர். அது ஊருக்கே தெரியும். அடுத்த மாசச் சேதி அதே எழுத்துல வந்தா, எழுதுனது நான் இல்லன்னு அவங்களுக்கே வெளங்கிப்போயிடும். இருசு பேரப் போட வேணாம். யாரையும் காட்டிக் குடுக்க வேணாம். அவ கையால எழுதுனத அப்படியே போடுங்க. அது போதும். எங்கள வேலைக்குக் கூப்புட்டுக்குவாங்க.”

நான் சரி என்றேன். அவள் நல்ல கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த தெருவிலிருந்த இருசம்மாளிடம் போய் இதைச் சொன்னேன். அவள் என் காலில் விழுந்தாள். “நடந்தத ஒண்ணு வுடாம எழுதித் தரேன் டீச்சர். ஆனா எம் எழுத்துல வேணாம். கைநாட்டு வச்சிட்டு ஏமாத்துனேன்னு தெரிஞ்சா என்ன உசுரோட வுடமாட்டாங்க. ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்கு.” அவளை நான் குறை சொல்லமாட்டேன். அந்தக் கோவில் வாசலில் உட்கார்ந்தவள் அவள், நானில்லை. எழுதியது யாராக இருந்தாலும் வெளியிட்டது நான் என்று பஞ்சநாதன் வீட்டுக்குப் போய் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அது எனக்குத் தோன்றவே இல்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. தோன்றியது.

என்ன செய்வதென்று நடராசனுக்கு எழுதிக் கேட்டேன். அவர் ஒரு தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தை வாங்கி அனுப்பினார். இனி எல்லாம் தட்டச்சில்தான், யாருக்கும் ஆபத்தில்லை என்று கடிதம் எழுதினார். மார்கழியில் நிதி தருகிற வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள், அவர்கள் முன்னால் இருசம்மாள் பேசட்டும், அவளைப் பற்றி இடக்காக எதுவும் வரக் கூடாது என்றும் எழுதியிருந்தார். அவருக்குத் திட்டம் பெரிது. எனக்கு வேலை பெரிது.

இருசம்மாள் சொன்னபடி ஒன்று விடாமல் எழுதித்தான் கொடுத்தாள். தண்டோரா, மனு, படிக்கல், டயர் செருப்பு என்று எல்லாம் இருந்தது. கடைசிப் பத்தியில் தான் வைத்த கைநாட்டையும் எழுதியிருந்தாள். ஒருத்தி எழுதத் தெரியாதென்று பொய் சொன்னதால் இன்னொருத்தி மாட்டிக்கொண்டாள் என்று, தன் பெயரையும் போட்டே எழுதியிருந்தாள். என்னிடம் கொடுத்துவிட்டு, “இது எழுதாம முடிக்க வரல டீச்சர். போடுறதும் எடுக்குறதும் ஒங்க இஷ்டம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். நான் அந்தப் பத்தியை எடுத்துவிட்டு மீதியைத் தட்டச்சு செய்தேன்.

இதழ் வந்தபோது ஆண்டாயி ஊரில் இல்லை. பிழைக்க வழியில்லாமல் புருஷனும் பெண்டாட்டியும் ஆலத்தியூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். தேடிக்கொண்டு போனேன். சுண்ணாம்புக்கல் வெட்டுகிற இடத்தில் மண் சுமந்துகொண்டிருந்தாள். கூடையை இரண்டு பேர் தூக்கித் தலையில் வைத்தார்கள். இடது கையால் பிடித்துக்கொண்டாள். வலது கை விரல்கள் கூடி, ஒரே பக்கமாக வளைந்து, முடிச்சாகியிருந்தன. என்னைப் பார்த்ததும் கூடையைக் கொட்டிவிட்டு ஓடிவந்தாள்.

“சேதி வந்துட்டா டீச்சர்?”

கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவள் முகம் மாறியது. தாளை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

“இது மிசினு எழுத்துல்ல?”

“ஆமாம் ஆண்டாயி. இனிமே எல்லாம் மிசினுதான். யாருக்கும் ஆபத்து வராது.”

அவள் மண் மேட்டில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். எழுத்துக் கூட்டி, உதட்டை அசைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். மேஸ்திரி அதட்டினான். அவள் காதில் வாங்கவில்லை. அரைமணி நேரம் ஆயிற்று. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“எல்லாஞ் சரியா இருக்கு. எம் பேரு, அந்தப் பாவி பேரு, படிக்கல்லு, நாளு, கெழம. அத எழுதுனது நான் இல்லங்குறது மட்டும் எங்கயுமே இல்லியே டீச்சர்?”

“இடம் பத்தல ஆண்டாயி” என்றேன்.

அவள் தாளைத் திருப்பினாள். கடைசிப் பக்கம் முக்கால்வாசி வெறுமையாக இருந்தது.