தூக்குவாளியில் கொண்டுபோன மீன்கள்

அறுபதுகளின் நடுவில் நாங்கள் கடலூர் புதுப்பாளையத்தில் குடியிருந்தோம். கூடத்து ஜன்னலோரம் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருந்தேன். அந்தத் தெருவில் வேறு யார் வீட்டிலும் அப்படி ஒன்று இல்லை. எனக்கு அதுதான் முக்கியமாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

சிதம்பரத்தில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்த நண்பன் ஒருவன் விரல் நீளத்தில் நான்கு மீன்களைக் கொடுத்தான். திலேப்பியா என்றான். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதை ஜிலேபி ஆக்கிவிட்டார்கள்.

"தொட்டியில உள்ளங்கை அளவுக்கு மேல வளராது. ஆனா வேற எங்கயும் உட்றாதே. பெருகிக்கினே போவும்" என்று சொல்லித்தான் கொடுத்தான்.

மூன்று மாதத்தில் ஆண் மீன் கன்னங்கரேலென்று மாறி, வாயாலேயே மணலைக் கிளறிக் குழி பறித்தது. சில நாளில் ஒரு பெண் மீன் இரை எடுப்பதை நிறுத்திவிட்டது. நோய் என்று நினைத்துத் தண்ணீரில் உப்புப் போட்டேன்.

என் மனைவி தொட்டியருகே குனிந்து பார்த்தாள். "நோவெல்லாம் இல்லீங்க. தாடை உப்பிக்கினு இருக்குது பாருங்க. வாய்க்குள்ள என்னமோ வச்சிருக்குது."

அவள் சொன்னதுதான் சரி. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அந்த வாயிலிருந்து குஞ்சுகள் தூசு மாதிரி வெளியே வந்தன. கண்ணாடியைத் தட்டினால் அத்தனையும் ஓடித் தாயின் வாய்க்குள் புகுந்துகொண்டன. அலுவலக நண்பர்களை அழைத்துவந்து காட்டினேன். முட்டையை வாயில் வைத்திருப்பதை முதல் நாளே நான் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னேன். அவள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

மறு மாதம் இன்னொரு பெண் மீன். பிறகு குஞ்சுகளே வளர்ந்து குஞ்சு பொரித்தன. தினமும் காலையில் இரண்டு மூன்று செத்து மிதந்தன. "பெருசையெல்லாம் கொழம்பு வச்சிடலாமா?" என்று அவள் கேட்டதற்குக் கோபப்பட்டேன்.

அவளுடைய தம்பி குமராட்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயம் செய்துகொண்டிருந்தான். வீட்டுக்குப் பின்னால் ஒரு குளம். வருஷா வருஷம் லால்பேட்டையிலிருந்து ஒரு பாய் சைக்கிளில் பானை கட்டிக் கெண்டைக் குஞ்சு கொண்டுவந்து விடுவார். ஒரு முறை அங்கே போனபோது மீன்களைத் தூக்குவாளியில் எடுத்துப்போனேன். கொள்ளிடத்தில் விடப்போவதாக அவளிடம் சொல்லியிருந்தேன். ஆறு தூரம், வெயில் வேறு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கண்ணயர்ந்திருந்தார்கள். வாளியைக் குளத்தில் கவிழ்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.

அடுத்த கோடையில் குளத்தை இறைத்து மீன் பிடிக்கிறார்கள் என்று மச்சான் ஆள் அனுப்பினான். போனோம். வலை நிறைய உள்ளங்கை அளவுக் கறுப்பு மீன்கள். கெண்டையைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. தன் குஞ்சுகள் எப்படி வளர்ந்திருக்கின்றன என்று பார்க்க பாயும் வந்திருந்தார்.

"என்னா பாய் இது? கெண்டைன்னு சொல்லி ஜிலேபிய உட்டுட்டுப் போயிருக்கீங்க?" என்றான் மச்சான்.

"அல்லா மேல ஆணையா இது என் பானையில வந்தது இல்ல தம்பி."

"அப்ப மேலேருந்து உழுந்துச்சா?"

கரையில் நின்ற ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். பாய் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க படிச்சவுங்க. நீங்களே சொல்லுங்க."

நான் சொன்னேன்: "உடு மச்சான். குஞ்சுல எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். பாய் தெரியாம செஞ்சிருப்பாரு."

என் குற்றத்துக்கு அவரைப் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டேன். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

திரும்பி வரும்போது சிதம்பரம் தாண்டியதும் மனைவி கேட்டாள்: "வாளிய கொள்ளிடத்துலதான் கவுத்தீங்களா?"

"ஆமா" என்றேன்.

இரண்டு மாதம் அது என்னைத் தின்றது. கடைசியில் தனியாகக் கிராமத்துக்குப் போய் மச்சானிடம் சொல்லிவிட்டேன்.

"எங்கிட்ட சொல்லி என்னா மாமா ஆவறது? கொளத்த காயப்போட்டா சரியாப்பூடும். பாய்கிட்ட போய்ச் சொல்லுங்க."

அன்றைக்கே லால்பேட்டை போனேன். பாய் என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, என் மனைவியின் சுகம் விசாரித்தார். இப்போது அந்தப் பக்கத்து ஊர்களில் தன்னிடம் யாரும் குஞ்சு வாங்குவதில்லை, கோரைப்பாய் விற்கப் போய்விட்டதாகச் சொன்னார். சரக்கு சுவரோரம் சுருட்டிச் சாத்தியிருந்தது. டீ வந்தது. குடித்தேன். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன், பாத்துட்டுப் போலாம்னு" என்று சொல்லி எழுந்துவிட்டேன். மச்சானிடம் திரும்பி வந்து, "சொல்லிட்டேன்" என்றேன்.

மழைக்கு முன்னால் மச்சான் கடலூர் வந்தான். மனைவியும் கூடத்தில் இருந்தாள்.

"பாய்கிட்ட மன்னிப்பு கேக்கப் போனேன் மாமா. எதுக்குன்னு கேக்கறாரு. அப்புறம் நாந்தான் எல்லாத்தையும் சொன்னேன்."

"என்னா சொன்னாரு?" என்று என் மனைவிதான் கேட்டாள்.

"'ஒங்க மாமா ரெண்டு வாட்டி வாயத் தொறந்தாரு. நாந்தான் டீ ஆறுது, குடிங்கன்னு சொல்லிட்டேன்'னாரு."

அதைச் சொல்ல நான் ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை. அவள் எழுந்து உள்ளே போனாள். மச்சான் அந்த வருஷத்திலிருந்து மறுபடி அவரிடமே குஞ்சு வாங்கினான். அவர் வருகிற நாட்களில் நான் அந்த ஊரில் இல்லாதபடி பார்த்துக்கொண்டேன்.